கிரீன் பீன் கேசரோலில் உப்பைக் குறைப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் நன்றி கூறும் திருநாளான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இந்த கேசரோலை, அதாவது பீன்ஸைக் காளான் சாஸில் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவி ஓவனில் சுடும் பதார்த்தத்தை, செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். 1955இல் வந்த மூலச் செய்முறையே டின் காளான் சூப்பை நம்பித்தான் இருக்கிறது. அது இல்லாமல் முடியுமா?

பதில்: தாராளமாக. 200 கிராம் காளானை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும். அது வற்றி, ஓரமெல்லாம் பழுப்பாகும்வரை பொறுங்கள், ருசியே அங்கேதான். அப்புறம் 2 ஸ்பூன் மைதா தூவி, ஒரு கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் சாஸ் தயார்.

இன்னொருவர்: டின் பீன்ஸிலும் உப்புதான். பச்சை பீன்ஸை 4 நிமிடம் வேகவைத்தால் போதும்.

கேட்டவர்: சரி, மேலே தூவும் பொரித்த வெங்காயம்?

பதில்: மெல்லிசாக நறுக்கி, ரொட்டித்தூளில் புரட்டி ஓவனில் வையுங்கள். நன்றாகவே மொறுமொறுக்கும்.