உதவி: திரைப்பட ரசிகர் கேமுக்கு டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வரும் நீக்கல்) அறிவித்தல் வந்துள்ளது. எதிர் அறிவித்தல் போடலாமா? கேமைக் காப்பாற்ற வழி உண்டா?

வெள்ளவத்தை_தேவ் எழுதியது:

யூனிட்டி 2022 கேம் எஞ்சினில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்யும் வாள்சண்டை கேம். ஹொலிவூட் விண்வெளிப் படத்தொடர் ஒன்றின் உலகம், அதன் கப்பல்கள், இரண்டு முக்கிய பாத்திரங்கள். கதையும் வசனமும் நாங்களே எழுதியவை. இட்ச் ஐஓ கேம் தளத்தில் இலவசம், ப்ளே ஸ்டோரில் அண்ட்ரொயிட் பதிப்பு, கோட் வைக்கும் கிட்ஹப் தளத்தில் முழு சோர்ஸ், யூடியூபில் ட்ரெய்லர். நேற்று இட்ச் பக்கம் மூடப்பட்டது. உரிமையாளர் தரப்பு டிஎம்சிஏ அறிவித்தல் கொடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. மற்ற மூன்று இடங்களிலும் இதுவரை ஒன்றுமில்லை.

ஒரு சதமும் வாங்கவில்லை. 'இது ரசிகர் படைப்பு, எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே' என்று முதல் திரையிலேயே போட்டிருக்கிறோம். இதை வைத்து எதிர் அறிவித்தல் போடலாமா? கொழும்பில் இருக்கும் எங்களை அமெரிக்கச் சட்டம் தொடுமா? அடுத்த மாதம் பி.எம்.ஐ.சி.எச். மாநாட்டு மண்டபத்தில் ஒரு கண்காட்சிக்கு மேசை எடுத்திருக்கிறோம். அங்கே காட்டலாமா?

புதுக்கடை_கறுப்புக்கோட்:

தம்பி, எதிர் அறிவித்தல் போடாதீர்கள். பலர் அதை 'நாங்கள் இலவசமாகத்தான் கொடுக்கிறோம்' என்று விளக்கம் சொல்லும் கடிதம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சத்தியக் கூற்று. தவறுதலாகவோ வேறு ஒன்றென்று மாறி எண்ணியோ உங்கள் பக்கத்தை நீக்கிவிட்டார்கள் என்று நம்புவதாக, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்று ஒப்புக்கொண்டு எழுதுவது. உங்கள் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும், அவை முறைப்பாட்டாளரின் கைக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் என்றால், அந்தத் தளம் இருக்கும் மாவட்டத்து அமெரிக்க சமஷ்டி நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை ஏற்பதாகவும் எழுத வேண்டும். அமெரிக்கச் சட்டம் தொடுமா என்று கேட்டீர்களே, தொடலாம் என்று நீங்களே கையெழுத்து வைத்துக் கொடுக்கும் இடம் அதுதான்.

அதன்பின் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் வழக்குப் போடாவிட்டால் பக்கம் திரும்ப வரும். போட்டால், அங்கே சட்டம் விதிக்கும் நட்டஈடு ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டொலர், தெரிந்தே செய்தது என்று நிறுவினால் 150,000 டொலர் வரை. முதல் திரையில் போட்ட அந்த வரி உங்களைக் காக்காது. படைப்பு யாருடையது என்று தெரிந்தே எடுத்தீர்கள் என்பதற்கு அது எழுத்துச் சாட்சி.

இங்கே இருந்தால் தப்பலாம் என்றும் இல்லை. இலங்கையும் அமெரிக்காவும் பேர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில் இருப்பதால் அந்தப் படத்துக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டைச் சொல்கிறது: விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவை. வணிக நோக்கமா என்பது அதில் பார்க்கும் நான்கு விடயங்களில் ஒரு பகுதிதான். எவ்வளவு எடுத்தீர்கள், அவர்களின் சந்தையை அது பாதிக்குமா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டு பாத்திரங்கள், கப்பல்கள், உலகம் முழுவதையும் எடுத்த கேம் அங்கே நிற்காது. வேண்டுமென்று மீறினால் 178ஆம் பிரிவில் நீதவான் முன் 500,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும்.

கண்காட்சியில் காட்ட வேண்டாம். இணையப் பக்கத்துக்கு வந்த அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பிலேயே பொதுமக்களுக்குக் காட்டுவது இலங்கைச் சட்டத்துக்குள் நேராக நடந்து போவது. பதாகையில் படத்தின் பெயரைப் போடுவது இன்னொரு சிக்கல். வெறும் பெயருக்குப் பதிப்புரிமை பெரும்பாலும் இல்லை, ஆனால் வியாபாரக் குறி உண்டு, 160ஆம் பிரிவின் நியாயமற்ற போட்டியும் உண்டு.

கிருலப்பனை_பிக்சல்:

இலவசம் என்றால் விடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு நடந்ததைப் பாருங்கள். ஸ்கைரிம் கேமின் மேல் கட்டிய, லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் உலகத்து மிடில்-எர்த் ரோல்ப்ளேயிங் ப்ரொஜெக்ட் 2012இல் வோர்னர் பிரதர்ஸ் சொல்லி நின்றது. ஸ்டார் வோர்ஸ் ரசிகர் கேம்களான கெலக்ஸி இன் டர்மொயில் 2016இலும் அபெய்ரொன் 2018இலும் லூகாஸ்ஃபிலிம் சொல்லி நின்றன. ஜேம்ஸ் பொண்ட் ரசிகர் கேமான கோல்டன்ஐ 25 2020இல் நின்றது. எல்லாமே இலவசம். இது புதிய வழக்கமும் அல்ல: 1997இலேயே ஏலியன்ஸ் படத்தை வைத்துக் குவேக் கேமில் ரசிகர் செய்த மொட் (மாற்றியமைத்த பதிப்பு) ஒன்றை ஃபொக்ஸ் நிறுத்தியது.

இவற்றில் கோல்டன்ஐ 25 குழு படத்துக்குரியதை எல்லாம் கழற்றிவிட்டு, தங்கள் சொந்த உளவாளிக் கேமாகத் தொடர்ந்தது. உங்களுக்கும் அதுதான் வழி.

தெமட்டகொட_கேமர்:

கோல்டன்ஐ: சோர்ஸ் என்ற இன்னொரு பொண்ட் ரசிகர் கேம் பல வருடமாக ஓடுகிறதே அண்ணா?

கிருலப்பனை_பிக்சல்:

ஓடுகிறது. அது உரிமையாளர் பார்த்தும் பேசாமல் இருப்பது, அனுமதி அல்ல. எந்த நாளும் மனம் மாறலாம். தேவின் கேம் விடயத்தில் உரிமையாளர் மனம் ஏற்கெனவே மாறிவிட்டது.

மெட்டா_கோப்பு:

சட்டம் முடிந்தது என்றால் வேலைக்கு வருவோம். முதலில் முழு ப்ரொஜெக்டையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அப்படியே எடுத்து வையுங்கள். வெளியில் இருந்து எடுப்பது வேறு, அழிப்பது வேறு. பிறகு கேள்வி வந்தால் எது எப்போது செய்தது என்று காட்ட அது தேவை.

இன்றே ப்ளே ஸ்டோரில் அன்பப்ளிஷ் செய்யுங்கள். அறிவித்தல் வந்து ப்ளே தானே நீக்கினால் அது டெவலப்பர் கணக்கின் மேல் ஏறும், மீண்டும் மீண்டும் ஏறினால் கணக்கே போகும். யூடியூபிலும் அப்படித்தான். இப்போது ட்ரெய்லரை எடுத்தால் பிரச்சினை இல்லை. ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் பதிவு) விழுந்தபின் வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது, 90 நாள் நிற்கும். மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும்.

கிட்ஹப்தான் பலர் கோட்டை விடும் இடம். கோப்பை அழித்துப் புது கொமிட் (சேமித்த மாற்றம்) போட்டால் பழைய கொமிட்டில் எல்லாம் அப்படியே இருக்கும். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு வரலாற்றைச் சுத்தம் செய்தாலும், மொடல்களை எல்எஃப்எஸ்ஸில் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் முறை) வைத்திருந்தால் அவை சேர்வரில் மிஞ்சும். ரெப்போவையே (முழு ப்ரொஜெக்ட் களஞ்சியத்தையே) அழித்தால்தான் போகும். ரிலீஸில் இணைத்த ஏபிகேயையும் (அண்ட்ரொயிட் நிறுவல் கோப்பு) மறக்க வேண்டாம். பொது ரெப்போவைத் தனிப்பட்டதாக மாற்றினால் மற்றவர் எடுத்த ஃபோர்க் (நகல் ரெப்போ) பொதுவிலேயே இருக்கும், அதற்கு அவர்களிடம் கேட்க வேண்டும். கிட்ஹப் தனக்கு வரும் டிஎம்சிஏ அறிவித்தல்களைப் பொதுவில் போடுகிறது என்பதால் முந்திக்கொள்வது நல்லது. சுத்தமான கோப்புகளோடு புது ரெப்போ, புது முதல் கொமிட். அதுதான் குறைந்த தலையிடி.

மாற்றும் வேலை: வாள்சண்டையின் நேரக்கணிப்பு, எதிரியின் ஏஐ, கமரா, சேவ் முறை இவை உங்கள் கோட், யாரும் கேட்க முடியாது. மாற வேண்டியவை பாத்திர உருவம், கப்பல், ஆயுதத்தின் ஒலி, இசை, லோகோ எழுத்துரு, பெயர்கள், சின்னங்கள். படத்தின் அசல் கேம் ஏதாவதில் இருந்து உருவிய மொடலோ அனிமேஷனோ இருந்தால் அது முதலில். நிறத்தை மாற்றினால் போதாது. பாத்திரத்தை முழுக் கறுப்பாக நிரப்பி, கேமைப் பார்க்காத ஒருவரிடம் நிழலுருவை மட்டும் காட்டுங்கள். படத்தின் பெயரைச் சொன்னால் திரும்பச் செய்ய வேண்டும்.

டெக்ஸ்சரையும் (மொடலின் மேற்பரப்புப் படம்) ஒலியையும் அதே பெயரில் பழையதன் மேலேயே வையுங்கள், பக்கத்தில் இருக்கும் மெட்டா கோப்பைத் தொடாமல். யூனிட்டி தொடர்பைப் பிடிப்பது அதற்குள் இருக்கும் ஜியூஐடி என்ற அடையாள எண்ணால், கோப்பின் பெயரால் அல்ல. எல்லாம் இணைந்தபின் யூனிட்டிக்குள்ளேயே பெயர் மாற்றினால் ஒன்றும் அறாது. ஸ்கிரிப்டில் வேரியபிள் பெயரை மாற்றும்போது பழைய பெயரைச் சொல்லும் ஃபோமர்லி-சீரியலைஸ்ட்-ஆஸ் குறிப்பைப் போடாவிட்டால் யூனிட்டியின் இன்ஸ்பெக்டர் பலகத்தில் கொடுத்த பெறுமதி எல்லாம் வெறுமையாகும். அசெட் சீரியலைசேஷன் ஃபோர்ஸ் டெக்ஸ்டில் (கோப்புகளை எழுத்தாகச் சேமிக்கும் அமைப்பு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சீன், ப்ரிஃபாப் (திரும்பப் பயன்படுத்தும் பொருள் அச்சு), அனிமேட்டர் எல்லாவற்றிலும் படத்தின் சொற்களை ஒரே தேடலில் பிடிக்கலாம்.

ப்ளேயில் பக்கேஜ் பெயரை (அப்பின் உள் அடையாளப் பெயர்) வெளியிட்டபின் மாற்ற முடியாது. அதில் படத்தின் பெயர் இருந்தால் புது அப் ஆகத்தான் போட வேண்டும். வின்டோஸ் பதிப்பில் ப்ரொடக்ட் பெயர் மாறினால் சேவ் கோப்புறையும் மாறும், பழைய சேவ் கோப்புகள் வேண்டுமென்றால் நகர்த்தும் கோட் எழுதுங்கள்.

தெமட்டகொட_கேமர்:

இடையில் ஒரு கேள்வி. தமிழ்ப்படம் ஒன்றை வைத்துச் செய்தால் இவ்வளவு பார்ப்பார்களா?

புதுக்கடை_கறுப்புக்கோட்:

அங்கே சிக்கல் கூட. படம் தயாரிப்பாளரிடம், பாட்டு பெரும்பாலும் இசை நிறுவனத்திடம், முகம் நடிகரிடம். ஒருவர் சரி சொன்னாலும் மற்றவர் நிறுத்தலாம். தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய படம் ஒன்றுக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2015இல் தடை வாங்கியிருக்கிறார். அனில் கபூர் 2023இல் டெல்லியில் வாங்கினார். உருவத்தை வரைந்து போட்டாலும் குரலைப் போலச் செய்தாலும் இதே கதை.

வெள்ளவத்தை_தேவ்:

நன்றி அண்ணாமார். ப்ளே, யூடியூப், கிட்ஹப் மூன்றையும் எடுத்துவிட்டோம். உரிமையாளருக்குப் பதில் எழுத வேண்டுமா? அடுத்தது, டெக்ஸ்சர் எல்லாம் சரியாக மாறியது, ஆனால் புது எஃப்பிஎக்ஸை (முப்பரிமாண மொடல் கோப்பு) மேலே வைத்தவுடன் ப்ரிஃபாபில் மெஷ் (உருவ வலை) மிஸ்ஸிங் என்கிறது, ஆள் கையை விரித்தபடியே நிற்கிறார்.

புதுக்கடை_கறுப்புக்கோட்:

தளம் வழியாக வந்ததற்குப் பதில் தேவையில்லை. சட்டத்தரணி நேராக எழுதினால் மட்டும் இரண்டு வரி: இன்ன திகதியில் இன்னின்ன இடத்தில் இருந்து நீக்கினோம். மன்னிப்பும் வேண்டாம், வாதமும் வேண்டாம். அதை அனுப்ப முன் உங்கள் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். புதுப் பெயரை முடிவு செய்தால் மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம். பதிப்புரிமைக்குப் பதிவு இல்லை, படைத்தவுடன் வந்துவிடும்.

மெட்டா_கோப்பு:

எஃப்பிஎக்ஸ் மட்டும் வேறு மாதிரி. மெட்டா அப்படியே இருந்தாலும், உள்ளே இருக்கும் மெஷ்களை அவற்றின் பெயரால்தான் யூனிட்டி அடையாளம் பிடிக்கிறது. மொடல் செய்யும் ப்ளெண்டரில் மெஷ் பெயர் பழையதிலிருந்து மாறியிருப்பதால் அறுந்தது. பழைய பெயரைக் கொடுத்து எடுக்கலாம், ஆனால் அதில் பாத்திரத்தின் பெயர் இருக்கும். ஆகவே மொடலைப் புதுக் கோப்பாகக் கொண்டுவந்து ப்ரிஃபாபில் கையால் இணையுங்கள். கை விரித்து நிற்பது ரிக் (எலும்புக்கூடு) பிரச்சினை: மொடலும் அனிமேஷனும் ஜெனரிக் (பொது வகை) என்றால் எலும்புப் பெயர் ஒன்றாக இருந்தால்தான் அனிமேஷன் ஓடும். ரிக் பகுதியில் ஹியூமனொயிட் (மனித உருவ வகை), அவதாரில் (எலும்பு வரைபடம்) 'இந்த மொடலில் இருந்து உருவாக்கு' கொடுத்து அப்ளை செய்யுங்கள். அனிமேஷன் கிளிப்களையும் ஹியூமனொயிட் ஆக்குங்கள், பிறகு அனிமேட்டரில் புது அவதாரைப் போடுங்கள். கன்ஃபிகர் திரையில் தோள் எலும்பு சிவப்பாகத் தெரிந்தால் போஸ் மெனுவில் என்ஃபோர்ஸ் டி-போஸ் கொடுங்கள். கிளிப்கள் படத்தின் அசல் கேமில் இருந்து வந்தவை என்றால் அவற்றை விட்டுவிட்டு மிக்ஸாமோ என்ற அனிமேஷன் தளத்தில் இருந்து எடுங்கள், அவற்றைக் கேமில் பயன்படுத்த ரோயல்டி இல்லை.