அமோனியா ஐஸ் பிளான்ட்டில் ஆயில் டிரெயின் செய்யும் முறை: தண்ணீர் வாளி போதுமா?

உப்பளக்காற்று (கேள்வி)

வணக்கம். தூத்துக்குடியில் மீன்பிடிப் படகுகளுக்குக் கட்டி ஐஸ் கொடுக்கும் ஒரு பிளான்ட்டில் பராமரிப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். பிஸ்டன் கம்ப்ரசர், பிரைன் (உப்புநீர்) தொட்டிக்குள் காயில், தொட்டியின் பக்கத்தில் அக்குமுலேட்டர் (திரவ அமோனியா தங்கும் கலம்) என்ற பழைய அமைப்புதான். சக்சன் அழுத்தம் (கம்ப்ரசர் வாயுவை இழுக்கும் பக்கத்து அழுத்தம்) பெரும்பாலும் 20 பிஎஸ்ஐயை ஒட்டியே நிற்கும். இதற்கு முன் ஃபிரியான் இயந்திரங்களோடு மட்டுமே பழகியவன் என்பதால், இங்கே ஆயில் டிரெயின் செய்யும் (கம்ப்ரசரிலிருந்து சுற்றுக்குள் போய்ச் சேரும் மசகு ஆயிலை வெளியே எடுக்கும்) முறை சரிதானா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை.

அக்குமுலேட்டரின் அடிக்குழாயில் ஒரே ஒரு வால்வு இருக்கிறது. அதில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கிவிட்டு வால்வைத் திறக்கிறார்கள். ஆயில் வராவிட்டால் இன்னும் ஒரு சுற்று திறக்கிறார்கள். இடையில் ஆபரேட்டர் கம்ப்ரசரைப் பார்க்கப் போய்விடுவதும் உண்டு. “கேஸ் வந்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளும்” என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். பிளான்ட்டை நிறுத்தாமல், பெருஞ்செலவு இல்லாமல் இதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது? முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கம்ப்ரசர் அறை (பதில்)

ஐயா, ஃபிரியான் பழக்கம் இங்கே உதவாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆர்-22 போன்ற வாயுக்களில் ஆயில் கலந்து, பெருமளவு தானாகவே கம்ப்ரசருக்குத் திரும்பிவிடும். அமோனியாவில் கனிம ஆயில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. உங்கள் பிளான்ட்டின் வெப்பநிலையில் திரவ அமோனியா லிட்டருக்கு 0.66 கிலோ அளவில்தான் எடை கொண்டது, ஆயிலோ 0.9 கிலோவை ஒட்டி இருக்கும். ஆகவே ஆயில் சுற்றில் மிகத் தாழ்ந்த இடம் தேடிப் போய் அடியில் தங்கிவிடுகிறது, திரவ அமோனியா அதன்மேல் நிற்கிறது. நீங்கள் சொல்லும் வால்வில் ஆயில் தீர்ந்தவுடன் அடுத்து வருவது அக்குமுலேட்டரில் உள்ள அமோனியா முழுவதும்தான்.

20 பிஎஸ்ஐ என்றால் உள்ளே ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரி. அந்தக் குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு வால்வின் இடுக்கில் அடைத்து நிற்கும். வரவில்லையே என்று இன்னொரு சுற்று திறப்பதுதான் இந்த வேலையிலேயே மிக ஆபத்தான செயல், ஏனென்றால் அடைப்பு விலகும் கணத்தில் கூடுதலாகத் திறந்த வழி முழுவதும் அமோனியாவுக்குக் கிடைக்கிறது. திரவமாக வெளிவருவது வாயுவாகும்போது ஏறத்தாழ 850 மடங்கு விரிகிறது. கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பவர்களும் உண்டு. அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

செய்ய வேண்டியது ஆயில் பாட் வைப்பதுதான். அக்குமுலேட்டரின் அடியில் ஒரு சிறிய அழுத்தக் கலம், மேலே அக்குமுலேட்டரிலிருந்து வரும் இன்லெட் வால்வு, சக்சனுக்குப் போகும் வென்ட் லைனும் அதற்கு ஒரு வால்வும், கேஜ், ரிலீஃப் வால்வு, கீழே டிரெயின். இன்லெட்டைத் திறந்து ஆயில் இறங்கவிட்டு, பிறகு இன்லெட்டை மூடி, வென்ட்டைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். ஆயிலோடு இறங்கிய அமோனியா கொதித்துச் சக்சனுக்குப் போய்க்கொண்டிருக்கும். பாட்டின் வெளிப்புறத்தில் பனி படர்ந்திருக்கும்வரை உள்ளே அமோனியா இருக்கிறது என்றே கொள்ளுங்கள். பனி உருகி, பாட் கையால் தொட்டால் அறையின் சூட்டுக்கு வந்துவிட்ட பிறகு வென்ட்டை மூடிக் கேஜைக் கவனியுங்கள். முள் ஏறினால் ஆயிலுக்குள் அமோனியா இன்னும் கொதிக்கிறது. மீண்டும் வென்ட்டைத் திறந்து காத்திருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் முள் அசையாமல் நின்றால்தான் டிரெயினில் கை வைக்கலாம். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் மற்ற முன்னெச்சரிக்கைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை.

டிரெயின் குழாயில் இரண்டு வால்வுகள் வரிசையாக இருக்க வேண்டும்: ஒன்று சாதாரண ஸ்டாப் வால்வு, அடுத்தது கையை எடுத்தால் ஸ்பிரிங்கினால் தானே மூடிக்கொள்ளும் வால்வு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-இல் அமோனியா குளிர்பதன நிலையங்களுக்காக வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பிலும் ஆயில் பாட்களுக்கு இந்த ஸ்பிரிங் வால்வையே பரிந்துரைத்தார்கள். கையை எடுத்தால் மூடிவிடுவதால், கம்ப்ரசரைப் பார்க்கப் போகும் ஆபரேட்டருக்கு அந்த வாய்ப்பே இருக்காது. அதன் கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைப்பதைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். அப்படிக் கட்டிய வால்வும் இல்லாத வால்வும் ஒன்றுதான். பித்தளை வால்வு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும், எல்லாம் எஃகாகவே இருக்கட்டும்.

பாட் இருந்தால் பிளான்ட் ஓடும்போதே ஆயிலை எடுக்கலாம். அதைப் பொருத்துவதற்கு மட்டும் அந்தப் பகுதியிலிருந்து அமோனியாவை முழுவதும் எடுத்துவிட்டு, அழுத்தக் கல வேலை தெரிந்தவர்களைக் கொண்டு வெல்டிங் செய்யுங்கள். காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை அமோனியா கலந்திருந்தால் அது தீப்பற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாட் பொருத்தும்வரை ஆயிலை எடுக்காமல் விட்டால் காயிலின் திறன் குறையும், ஐஸ் கட்டத் தாமதமாகும். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வதே நல்லது.

வெண்பனி (பதில்)

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன், ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாட் விரைவில் சூடாக வேண்டும் என்று கேஸ் டார்ச்சின் தீச்சுவாலையைக் காட்டுகிறார்கள். கூடவே கூடாது, வேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீரை வெளியே ஊற்றலாம், அதுவும் வென்ட் திறந்திருக்கும்போது மட்டும். குளிர்ந்த திரவம் நிறைந்த பாட்டின் எல்லா வால்வுகளையும் மூடிவிட்டுச் சூடேற்றினால், விரியும் திரவத்துக்கு இடமில்லாமல் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும்.

தண்ணீர் வாளியைப் பற்றி: தண்ணீர் அமோனியாவை நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை, அதனாலேயே அது ஆபத்தாகிறது. குழாய்க்குள் அழுத்தம் குறைந்தால் வாளித் தண்ணீர் மேலேறி சுற்றுக்குள் புகுந்துவிடும். திரவ அமோனியா வாளிக்குள் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முனை தண்ணீருக்குள் இருந்தால் வருவது ஆயிலா அமோனியாவா என்று பார்க்க முடியாது. குட்டையான எஃகுக் குழாயிலிருந்து திறந்த வாளிக்குள், கண்ணுக்குத் தெரியும்படி விழட்டும். சீறும் ஓசை கேட்டாலோ, நுரை பொங்கினாலோ, குழாயின் முனையில் பனி படர்ந்தாலோ உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

முகக்கவசம் வேண்டும், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு), குறுகிய நேரத்துக்கு 35 பிபிஎம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். 300 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று கொள்ளப்படும் அளவு. அதற்கு மேல் வடிகட்டிக் குப்பி பொருத்திய கவசத்தை நம்பக் கூடாது, சிலிண்டர் காற்றோடு கூடிய சுவாசக் கருவிதான் வேண்டும். ஆயில் எடுக்கும்போது முழுமுகக் கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்து, எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, வெளியேறும் வழி முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இரண்டாவது ஆள் சற்றுத் தள்ளி, கம்ப்ரசரை நிறுத்தும் பட்டனுக்கு அருகில் நிற்கட்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தக் குழாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அலுவலக வாசலில் அல்ல. காற்றில் பரவும் வாயுவின்மேல் தண்ணீரைத் தெளிக்கலாம், ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின்மேல் பீய்ச்சக் கூடாது. அப்படிச் செய்தால் அது இன்னும் வேகமாக ஆவியாகும்.

உப்பளக்காற்று (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. ஸ்பிரிங் வால்வுக்கும் பாட்டுக்கும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். பக்கத்தில் மீன் பதப்படுத்தும் நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர், அவர்கள் ஃப்ரீசர் பகுதி மைனஸ் 40 டிகிரியில் ஓடுவதால் டிரெயினைத் திறந்தால் ஆயில் வெளியே வருவதில்லை என்கிறார், ஏன்? எடுத்த ஆயிலை மீண்டும் கம்ப்ரசருக்கே ஊற்றலாமா?

முயல்தீவு (பதில்)

அமோனியா மைனஸ் 33 டிகிரியில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக நிற்கிறது. அதற்குக் கீழே போனால் வாக்குவம். மைனஸ் 40-இல் உள்ளே 0.72 பார் மட்டுமே. அங்கே டிரெயினைத் திறந்தால் ஆயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்றும் அதிலுள்ள ஈரமும் உள்ளே போகும். அந்தக் காற்று, வாயு திரவமாகும் கண்டன்சரில் சேர்ந்து ஹெட் பிரஷரை (கம்ப்ரசர் வெளியேற்றும் பக்கத்து அழுத்தத்தை) ஏற்றிவிடும். எனவே அவர்களுடைய பாட்டில் மேற்சொன்ன முறையில் அமோனியாவை வெளியேற்றிச் சோதித்த பிறகு, இன்லெட்டும் வென்ட்டும் மூடியிருக்கும் நிலையில், உயரழுத்தப் பக்கத்திலிருந்து வரும் ஹாட் கேஸ் லைனைச் சிறிதளவு திறந்து பாட்டின் அழுத்தத்தை வெளிக்காற்றுக்குச் சற்று மேலே கொண்டுவந்து, அந்த லைனை மூடிவிட்டு டிரெயின் செய்ய வேண்டும். சற்று மேலே இருந்தால் போதும், ஆயிலைப் பீய்ச்ச வேண்டியதில்லை.

எடுத்த ஆயிலை மீண்டும் ஊற்றாதீர்கள். அதில் ஈரம், இரும்புத் துகள், கரைந்த அமோனியா எல்லாம் இருக்கும். வாயு வெளியேறும்வரை காற்றோட்டமான இடத்தில் மூடியை இறுக்காமல் வையுங்கள். உடனே இறுக்கி மூடிய டின் உப்பி வெடிக்கக்கூடும். பிறகு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

கம்ப்ரசரில் ஊற்றிய ஆயில் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். ஊற்றியதைவிடத் திரும்பி வருவது மிகக் குறைவாகவே இருந்தால் மீதி காயிலில் படிந்திருக்கிறது. ஊற்ற வேண்டிய அளவே திடீரென்று ஏறினால், டிரெயின் பக்கம் தேடாமல் கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங்கையும், வாயுவிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஆயில் செபரேட்டரையும் முதலில் பாருங்கள்.