மறு: பனை இதயம்? பால்மிஸ் குருத்துக்கு ஒரு கலைச்சொல்

அம்மா, வணக்கம்.

மொரீசியஸ் காட்டு மரங்கள் கையேட்டுக்கான உங்கள் பட்டியலில், பால்மிஸ் என்ற பனைவகை மரத்தில் தின்னும் பகுதிக்குப் 'பனை இதயம்' என்று இருக்கிறது. பிரெஞ்சுப் பெயரை அப்படியே மாற்றியிருக்கிறீர்கள். மரத்துக்கு இதயம் எதற்கு? தமிழ்நாட்டில் தென்னங்குருத்து என்றுதானே விற்கிறார்கள்.

ஆனால் வெறும் 'குருத்து' போதாது என்று இந்த விவாதத்தில் ஐயா ஒருவர் எழுதியதும் நியாயம்தான். காவடித் தோரணத்துக்குக் குருத்தோலை ஒன்றை உருவினால் தென்னை சாகாது. பால்மிஸில் வெட்டுவதோ ஓலை பிறக்கும் இடத்தையே. மாமரத்தின் நுனியைக் கிள்ளினால் பக்க மொட்டு துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனைவகைக்கு வளரும் முனை ஒன்றுதான். அது போனால் மரம் போச்சு. ஒரு கிண்ணம் சாலடுக்கு ஒரு முழு மரம்! 'கோடீஸ்வரர் சாலட்' என்று பெயர் வந்ததே அதனால்தான். வெள்ளைப் பால்மிஸ் சூறாவளிக்கே அசையாது என்பார்கள். அந்த மரம் இன்று காட்டில் மிக அரிது, சாலடுக்கு வருவது தோட்டத்தில் நட்டது. பக்கத்துத் தீவு ரெயூனியனில் முள் கொண்ட செம்பால்மிஸைக் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டுவது பழைய தொல்லை.

அதனால் என் பரிந்துரை: உயிர்க்குருத்து.

பாடநூலில் 'நுனி மொட்டு' இருக்கிறதே என்பீர்கள். தாவரவியலுக்கு அது சரி. ஆனால் சாப்பிடுவது மொட்டை மட்டும் அல்ல, அதைச் சுற்றிய இளம் மட்டைகளையும் சேர்த்துத்தான். அப்புறம், அச்சார் (ஊறுகாய்) போடுகிற பொருளை யார் நுனி மொட்டு என்பார்கள்?

ஒரு மறுப்பு வரும். தென் அமெரிக்க அசாயி பனை தூரில் பக்கக்கன்று விடும், குருத்தை எடுத்தாலும் தூர் பிழைக்கும். அங்கே 'உயிர்' பொருந்துமா? பொருந்தும் என்றே நினைக்கிறேன். தார் வெட்டிய வாழை போல, வெட்டிய தண்டு அங்கும் முடிந்த கதைதான்.

மொரீசியஸின் க்யூர்பிப் தாவரவியல் பூங்காவில் நிற்கும், உலகிலேயே அந்த இனத்தின் ஒரே மரத்துக்கு நீங்கள் கொடுத்த 'கசப்புத்தண்டுப் பனை' இருக்கட்டும். லத்தீன் பெயரின் பொருளும் அதுதான்.

பால்மிஸைத் தமிழாக்க வேண்டாம். மொரீசியஸில் பாட்டிகளுக்கும் தெரிந்த பெயர் அது.