680 கெல்வினில் சரியாக வருகிறது, 250 டிகிரியில் தவறுகிறது: மேக்ஸ்வெல்-பானல் கணக்கு

கேள்வி:
வாக்யூம் கேஸ் ஆயிலின் (வெற்றிடத்தில் வடித்தெடுக்கும் கனமான எண்ணெய்) குறுகிய கட் (சிறிய கொதிநிலை இடைவெளியில் பிரித்த பகுதி) ஒன்றுக்கு 250 டிகிரி செல்சியஸில் ஆவி அழுத்தம் தேவை. சராசரி கொதிநிலை 680 கெல்வின், ஒப்படர்த்தி 0.93. கொதிநிலையிலிருந்து ஆவி அழுத்தத்தைக் கணிக்கும் மேக்ஸ்வெல்-பானல் சமன்பாட்டை எக்செலில் போட்டால் 24.6 மி.மீ. பாதரசம் வருகிறது. ஆய்வகத்திலோ இதே கட் 10 மி.மீ.யில் 250 டிகிரியில் கொதிக்கிறது. வெப்பநிலையாக 680 கெல்வின் கொடுத்தால் ஏறத்தாழ 760 கிடைக்கிறது. சமன்பாட்டின் இடைநிலை எண்ணான எக்ஸ் மதிப்புக்கு 0.0002867, 0.2145 என்ற மாறிலிகளைப் போட்டிருக்கிறேன். லீ-கெஸ்லர் என்ற வேறொரு ஆவி அழுத்தச் சமன்பாட்டுக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
அந்த இரண்டு மாறிலிகளும் ராங்கின் (கெல்வினை 1.8ஆல் பெருக்கினால் வரும் வெப்பநிலை) அளவுக்கானவை. கெல்வின் என்றால் மாறிலிகளை 1.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்:

எக்ஸ் = (கொதிநிலை ÷ வெப்பநிலை − 0.00051606 × கொதிநிலை) ÷ (748.1 − 0.3861 × கொதிநிலை)

523.15 கெல்வினுக்கு எக்ஸ் 0.001954. பிறகு,

லாக் அழுத்தம் = (2663.129 × எக்ஸ் − 5.994296) ÷ (95.76 × எக்ஸ் − 0.972546)

விடை 10.1 மி.மீ. இது 2 முதல் 760 மி.மீ. வரைக்கான சமன்பாடு, அதற்குக் கீழும் மேலும் வேறு எண்கள்.

760 சோதனை ஏன் ஏமாற்றியது? 0.0002867 ÷ 0.2145, 0.00051606 ÷ 0.3861, 1 ÷ 748.1 மூன்றுமே ஏறத்தாழ 0.001337. வெப்பநிலையும் கொதிநிலையும் ஒன்றானால், எந்த அலகில் போட்டாலும் எக்ஸ் அதுவேதான். தாழ்ந்த அழுத்தப் புள்ளி ஒன்றை வைத்துத்தான் ஷீட்டைச் சரிபார்க்க வேண்டும்.

பதில் 2:
வாட்சன் கே (கொதிநிலை, ஒப்படர்த்தி இரண்டிலிருந்தும் எண்ணெயின் தன்மையைக் காட்டும் எண்) திருத்தத்தையும் சேருங்கள். 1.8 × 680இன் கனமூலத்தை 0.93ஆல் வகுத்தால் கே 11.5. கொதிநிலையிலிருந்து கழிக்க வேண்டியது 1.3889 × (கே − 12) × லாக்(அழுத்தம் ÷ 760), இங்கே 1.3 கெல்வின். அழுத்தம் 10.6 ஆகும். திருத்தத்துக்குள்ளேயே அழுத்தம் இருப்பதால் இரண்டு சுற்று போடுங்கள். 478 கெல்வினுக்கு மேல் முழுத் திருத்தம். 367க்குக் கீழ் தேவையே இல்லை.

ஆனால் முதலில் வாக்யூம் கேஜைப் பாருங்கள். 10 மி.மீ.யில் 1 மி.மீ. பிசகினால் 760 மி.மீ.க்கு மாற்றிய சமானக் கொதிநிலை 3 கெல்வின் நகரும். கே திருத்தத்தைவிட அது பெரிது.

பதில் 3:
லீ-கெஸ்லர் இந்த இடத்துக்கு வேண்டாம். சாதாரணக் கொதிநிலைக்கும் மாறுநிலைக்கும் (திரவம், ஆவி என்ற வேறுபாடு மறையும் புள்ளி) நடுவில்தான் அதன் பலம். இத்தகைய கட்டுக்கு மாறுநிலை வெப்பநிலை, அழுத்தம், அசென்ட்ரிக் காரணி (மூலக்கூறு எளிய கோள வடிவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் எண்) மூன்றுமே மதிப்பீடுகள். குறைக்கப்பட்ட வெப்பநிலை (வெப்பநிலை ÷ மாறுநிலை வெப்பநிலை) 0.6இல், அசென்ட்ரிக் காரணி மட்டும் 0.05 கூடினாலே அழுத்தம் 18 சதவீதம் இறங்கிவிடும்.

அகலமான கட் என்றால் எந்த முறையிலும் ஒரே கொதிநிலையை வைத்துப் போடாதீர்கள். லேசான பகுதிதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். குறுகிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் அதன் மோல் பின்னத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்.