மூக்குல தழும்பு விழாத நோஸ் பேடு நாமளே டிசைன் பண்ண முடியுமா?

திருப்பாப்புலியூர்_பையன்:

வணக்கம். ரெண்டு கண்ணுலயும் எனக்கு மைனஸ் ஏழு பவர், ஆறாங் கிளாஸ்ல போட்ட கண்ணாடி இன்னிக்கு வரைக்கும் கழட்டல. மூக்கோட ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து கருப்பா தழும்பாவே நின்னுடுச்சு, கண்ணாடி இல்லாம போட்டோ எடுத்தா யாரோ மூக்கை புடிச்சி கிள்ளி வெச்ச மாதிரி இருக்கும். அழகு போனா போவுது, வலிதான் தாங்கல. தினமும் பைக்ல கடலூர்லேர்ந்து பாண்டி மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுக்கு வேலைக்கு போறேன், ஹெல்மெட் மாட்டுனதும் அது கண்ணாடியோட சைடு (காதுக்கு போற கம்பி) ரெண்டையும் அழுத்தி கண்ணாடி மூக்கோட ஒட்டிக்கும், ரெட்டிச்சாவடி தாண்டறதுக்குள்ள எரிய ஆரம்பிச்சிடும். மத்தியானம் வேர்த்துச்சுன்னா அப்படியே தலகீழ், வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துடும். ஒண்ணு குத்துது, இல்லன்னா வழுக்குது, நடுவுல ஒரு நிம்மதியே கிடையாது.

மூக்குல உக்கார்ற அந்த சிலிக்கான் பேடு மூணு தடவ மாத்திட்டேன், ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே துண்டா பாலம் மாதிரி வருமே அதையும் போட்டு பாத்துட்டேன், பஞ்சு கூட ஒட்டுனேன் (சிரிக்காதீங்க). ஒரு கடையில பேடை பாக்கவே இல்ல, புது ஃப்ரேம் எடுத்துக்கங்கன்னு சொல்லி தட்டை எடுத்து முன்னாடி வெச்சிட்டாங்க. மாமா நகைக்கடையில தராசுல வெச்சி பாத்தா கண்ணாடி 41 கிராம் காட்டுது.

நான் பாக்குறது டிசைன் டிராயிங் வேலை, கேட் சாஃப்ட்வேர் தெரியும், கூட வேலை பாக்குற பையன் வீட்ல 3டி பிரிண்டர் இருக்கு. அதனால மூக்கை அச்சு எடுத்து அதே வடிவத்துக்கு பேடு செஞ்சா என்னன்னு தோணுது. ஒண்ணு டிபியூ பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணணும், இல்ல ஒரு மோல்டு செஞ்சி ஹார்டுவேர் கடையில வாஷ்பேசின் ஓரத்துக்கு அடிக்கிற சிலிக்கான் டியூப் விக்குதே அத ஊத்தணும். யாராவது செஞ்சிருக்கீங்களா?

வில்லியனூர்_வேகம்:

காண்டாக்ட் லென்ஸ் போடுங்க ப்ரோ, மேட்டர் ஓவர்.

திருப்பாப்புலியூர்_பையன்:

போட்டு பாத்தாச்சு ப்ரோ, உப்புக்காத்தும் தூசியும் சேர்ந்து வீடு வர்றதுக்குள்ள கண்ணு மொளகாப்பழம் மாதிரி ஆயிடுது. கேள்வி நோஸ் பேடு பத்திதான்.

லாரன்ஸ்ரோடு_கண்ணாடி_அண்ணன்:

தம்பி, முதல்ல அந்த வாஷ்பேசின் டியூபை கீழ வை. அது காயறப்ப காடி மாதிரி ஒரு வாடை அடிக்கும் பாரு, அது அசிட்டிக் ஆசிட். பாத்ரூமுக்குன்னு விக்கிறதுல பூஞ்சை புடிக்காம இருக்க மருந்து வேற கலந்திருக்கும். அதையா நாள் பூரா தோல்ல வெச்சிக்கப் போற?

23 வருசமா இந்த தொழில்ல இருக்கேன், உன்ன மாதிரி பேடு பேடுன்னு வர்றவங்கள தினம் ரெண்டு பேராவது பாக்குறேன். எல்லாரும் கேக்குறது இன்னும் மெத்துன்னு ஒண்ணு குடுங்கன்னுதான். மெத்துன்னு இருக்கறதெல்லாம் அப்புறம். மூக்குல அந்த பேடு முழுசா படியுதா, இல்ல ஒரு ஓரத்துல மட்டும் நிக்குதான்னு பாத்தியா? 13 மில்லி நீளம் 7 மில்லி அகலம்னா ஒரு பேடுக்கு சுமார் 70 சதுர மில்லி இடம் கிடைக்கும். அது ஓரமா நின்னா அதுல கால்வாசி கூட படாது, எடை மொத்தமும் அந்த கோட்டுல எறங்கும். பாய் விரிச்சி படுக்குறதுக்கும் பாயை சுருட்டி அது மேல படுக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், பாய் என்னமோ அதே பாய்தான்.

இத வீட்லயே பாத்துக்கலாம். விபூதிய ரெண்டு சொட்டு தண்ணி விட்டு குழைச்சி பேடு மேல லேசா தடவு, மூக்கை சோப்பு போட்டு கழுவி நல்லா தொடைச்சிட்டு கண்ணாடிய மாட்டி ஒரு நிமிசம் ஆடாம உக்காரு, அப்புறம் நேரா முன்னாடி இழுத்து கழட்டிட்டு மூஞ்சி பாக்குற கண்ணாடி முன்னாடி நில்லு. முழு முட்டை வடிவத்துல வெள்ளை பதிஞ்சிருந்தா சரி. அடி ஓரத்துல மட்டும் கோடு விழுந்திருந்தா பேடு கீழ்ப்பக்கம் போதுமான அளவு விரியலன்னு அர்த்தம், ஏன்னா மூக்கு மேல குறுகலா இருந்து கீழ வர வர அகலமாவும். மேல் ஓரத்துல மட்டும் விழுந்தா தேவைக்கு மேல விரிச்சிட்டாங்க. அதே மாதிரி இன்னொரு சாய்வு இருக்கு, பல பேர் இத பாக்கறதே இல்ல, மூக்கு முன்னாடி ஒடுங்கி பின்னாடி கண்ணு பக்கம் போகப் போக விரியும், பேடு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா செவுரு மாதிரி நின்னா பின் ஓரம்தான் போய் குத்தும். இதெல்லாம் பேடு தாங்கற அந்த சின்ன கம்பிய வளைச்சி சரி பண்ற வேலை. நீ வீட்டு இடுக்கிய எடுத்து வளைக்காத, பத்த வெச்ச இடத்துல பட்டுனு உட்டுடும், அதுக்குன்னு தனி பிளையர் இருக்கு.

ரெண்டாவது, வழுக்குறதுக்கு மூக்கை திட்டாத, காதை பாரு. காதுக்கு மேல சைடு போய் உக்கார்ற எடத்துலயே வளைவு ஆரம்பிக்கணும். நெறைய பேருக்கு அது அரை இஞ்ச் தள்ளி பின்னாடி ஆரம்பிக்குது, அந்த அரை இஞ்ச் முன்னாடி நகர்ந்து வந்துதான் நிக்கும். சூடு காத்து காட்டி வளைவை முன்னாடி கொண்டாந்தா பாதி பேருக்கு வழுக்கறது நின்னுடும்.

மூணாவது உனக்கு புடிக்காது. சைடு உள்பக்கம் நம்பர் எழுதியிருக்கும், படிச்சி சொல்லு. பிடியும் சொல்லு, அதான் ரெண்டு பாப்பாவுக்கும் நடுவுல உள்ள தூரம்.

திருப்பாப்புலியூர்_பையன்:

54, கட்டம் போட்டு 17, அப்புறம் 140 அண்ணே. பிடி சீட்டுல 62ன்னு இருக்கு. லென்ஸ் 1.56ன்னு பில்லுல போட்டிருக்கு.

லாரன்ஸ்ரோடு_கண்ணாடி_அண்ணன்:

நெனச்சேன். 54 ஒரு லென்ஸோட அகலம், 17 நடுவுல மூக்கு பாலம், ரெண்டையும் சேர்த்தா 71, உன் பாப்பா தூரம் 62. ஒவ்வொரு லென்ஸையும் நாலரை மில்லி உள்ள தள்ளி வெட்டியிருக்காங்க, மைனஸ் லென்ஸ் நடுவுல மெலிசு ஓரத்துல தடிப்பு, அதனால காது பக்கத்து ஓரம் கட்டையா வந்திருக்கும். எடை அங்க உக்காந்திருக்கு, நீ மூக்குல வைத்தியம் பாக்குற. 46, 20ன்னு ஒரு சின்ன வட்ட ஃப்ரேம் எடுத்து 1.67 லென்ஸ் (இந்த நம்பர் கூடக் கூட லென்ஸ் மெலிசா வரும்) போட்டா ஓரமும் மெலியும் எடையும் நல்லாவே கொறையும். உன் பவருக்கு இப்ப எல்லாரும் போடற பெரிய பெரிய ஃப்ரேம் சரிப்படாது, இத சொன்னா பசங்க மூஞ்சி சுருங்கிடுது. அந்த கடைக்காரர் ஃப்ரேம் மாத்த சொன்னது தப்பில்ல, ஏன்னு சொல்லாததுதான் தப்பு.

லாஸ்பேட்டை_டிராயிங்:

அண்ணன் சொன்னதுக்கு மேல கொஞ்சம் கணக்கு. மூக்குங்கறது ஒரு ஆப்பு மாதிரி, கண்ணாடி அது மேல கவுந்து உக்காருது. மூக்கோட பக்கச்சுவர் செங்குத்துலேர்ந்து 20 டிகிரி சாஞ்சிருக்குன்னு வெச்சி உராய்வ விட்டுட்டு கணக்கு போட்டா, மூக்குக்கு வர்ற எடை 30 கிராம்னா (மீதிய காது தாங்கும்) ஒவ்வொரு பேடும் தோலை அழுத்தறது 15 கிராம் இல்ல, கிட்டத்தட்ட 44 கிராம். மூக்கு எவ்ளோ செங்குத்தா இருக்கோ அவ்ளோ அழுத்தம். உராய்வு இருந்தா அது கொறையும், ஆனா எண்ணெயும் வேர்வையும் வந்ததும் உராய்வு போயிடும், அதான் உங்களுக்கு காலைல ஒரு கஷ்டம் மத்தியானம் ஒரு கஷ்டம்.

நான் நிஜமாவே செஞ்சி பாத்திருக்கேன், அதனால என் அனுபவத்த சொல்றேன். டிபியூ பிரிண்ட் வேணாம். சாதாரணமா கிடைக்கிற ஃபிலமென்ட் (பிரிண்டருக்கு போடற பிளாஸ்டிக் நூல்) 95ஏ கடினம், கையில எடுத்தா ரப்பர் மாதிரி தெரியும், மூக்குக்கு அது பைக் டயர். அடுக்கடுக்கா வரி வேற விழும், அந்த வரிக்குள்ள அழுக்கு சேர்ந்து நாலே நாள்ல கருப்பாயிடும். பிஎல்ஏன்னு இன்னொரு பிரிண்டர் பிளாஸ்டிக் இருக்கு, அத யோசிக்கவே யோசிக்காதீங்க, 60 டிகிரி பக்கத்துலயே எளகிடும், சித்திரை வெயில்ல வண்டி டேங்க் மேல வெச்சா அதோட கதை முடிஞ்சிது.

சரியான வழின்னா தோலுக்கு ஆகும்னு போட்டு விக்கிற ரெண்டு பாகம் கலக்குற சிலிக்கான், பிளாட்டினம் க்யூர்னு கேக்கணும். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு, ரெசின் பிரிண்டர்ல (திரவத்த வெளிச்சம் காட்டி இறுக வெக்கிற வகை) எடுத்த மோல்டுல அத ஊத்துனா மோல்டு ஒட்டுன பக்கம் இறுகாம பிசுபிசுன்னே நிக்கும். நான் ரெண்டு நாள் காத்திருந்து பாத்தேன், பலாப்பழ பிசினு மாதிரி கையில வந்துச்சு. ஃபிலமென்ட் பிரிண்ட்ல மோல்டு எடுத்து உள்பக்கத்த நல்லா தேய்ச்சி வழவழப்பாக்கினதும் சரியா வந்துச்சு. இன்னொண்ணு, வெறும் சிலிக்கான்ல ஸ்க்ரூ நிக்காது, கடையில வர்ற பேடை வெளிச்சத்துல புடிச்சி பாருங்க, உள்ள ஒரு கடினமான சின்ன தகடு இருக்கும், அத பழைய பேடுலேர்ந்து உரிச்சி மோல்டுக்குள்ள வெச்சிதான் ஊத்தணும்.

இதுல நான் கத்துக்கிட்டது என்னன்னா, மூக்கை அப்படியே அச்சு எடுத்து அதே குழிவுக்கு பேடு செய்யக்கூடாது. எனக்கும் அதான் பிரமாதமான ஐடியாவா தெரிஞ்சுது. ஆனா சிரிச்சா மூக்கு தோல் நகருது, குனிஞ்சா கண்ணாடி ஒரு மில்லி எறங்குது, அந்த ஒரு மில்லிக்கு அப்புறம் பொருத்தமா செஞ்ச அந்த குழிவோட ஓரமே கத்தி மாதிரி நிக்கும். லேசா உப்புன மாதிரி, ஓரமெல்லாம் நல்லா உருட்டுன மாதிரி இருக்கறதுதான் நல்லது. கடை பேடு பூராவும் அந்த வடிவத்துல இருக்குன்னு அப்புறம்தான் உறைச்சுது. அதே மாதிரி பேடு லேசா ஆடுதேன்னு கோந்து போட்டு இறுக்காதீங்க, அது தானா திரும்பி படியட்டும்னு விட்ட இடைவெளி அது.

ஃப்ரேம் மாத்தாமலே 13 மில்லிக்கு பதில் 15 மில்லி பேடு போட்டு பாருங்க, இடம் கூடும்.

அரியாங்குப்பம்_அக்கா:

நான் நர்ஸ், ஆஸ்பத்திரி பேரு வேணாம். தம்பி, அந்த தழும்பு அரிக்குதா, செதில் உரியுதா, தண்ணி கசியுதா? வலிக்கிறது வேற, அரிக்கிறது வேற. அரிச்சா நிக்கல் அலர்ஜியா இருக்கலாம். விலை கம்மியான மெட்டல் ஃப்ரேம்ல நிக்கல், தாமிரம் ரெண்டும் கலந்திருக்கும், பேடு தேஞ்சி போச்சுன்னா உள்ள இருக்கற மெட்டல் தோல்ல படும். பேடு பின்னாடி பச்சையா பாசி மாதிரி சேருதே, அதுவும் பாசி இல்ல, தாமிரமும் வேர்வையும் சேர்ந்து பூக்குற களிம்பு. எங்க மாமியாருக்கு ரெண்டு வருசம் "கண்ணாடி தேச்சி புண்ணு"ன்னே மஞ்சள் பத்து போட்டோம், கடைசில பாத்தா நிக்கல், டைட்டானியம் ஃப்ரேம் மாத்துனதும் பதினஞ்சே நாள்ல ஆறிடுச்சு. அவங்களுக்கு கவரிங் தோடு போட்டாலும் காது புண்ணாவும், அத அப்பவே யோசிச்சிருக்கணும், யாருக்கும் தோணல.

இன்னொண்ணும் பாத்துக்கங்க. வருசக்கணக்கா ஒரே எடத்துல அழுத்துனா சில பேருக்கு சின்னதா புடைச்சி நடுவுல பள்ளமா கோடு விழும், அகாந்தோமா ஃபிஸ்ஸுராட்டம்னு பேரு. பாக்கறதுக்கு தோல் புத்துநோய் மாதிரியே இருக்கும், ஆனா அது கிடையாது, கண்ணாடிய சரி பண்ணா பெரும்பாலும் தானா அடங்கும். இருந்தாலும் எது எதுன்னு நாம பாத்து சொல்ல முடியாது, ஆறாத புண்ணுன்னா ஜிப்மர் தோல் ஓபில காட்டிடுங்க.

பவுடர் போட்டு வழுக்கறத நிறுத்தாதீங்க, வேர்வையில கரைஞ்சி மாவாட்டம் ஒட்டும். ராத்திரி பேடை சோப்பு தண்ணியில கழுவுங்க, மஞ்சளாயிட்டா மாத்துங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டு தொடைக்காதீங்க, ஃப்ரேம், லென்ஸ் ரெண்டுமே கெடும். போற வழியில தவளக்குப்பத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு, பவர் பாத்து எவ்ளோ நாளாச்சு?

திருப்பாப்புலியூர்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. 12 நாள் கழிச்சி எழுதறேன், லேட்டானதுக்கு சாரி.

அரிப்பு இல்லக்கா, வெறும் அழுத்தம்தான். பவர் பாத்து ரெண்டரை வருசம் ஆயிடுச்சு, திட்டாதீங்க, அடுத்த வாரம் போறேன்.

விபூதி டெஸ்ட் பண்ணேன். அம்மா பூஜை ரூம்லேர்ந்து விபூதி எடுக்கறத பாத்துட்டு பரவால்லயே புத்தி வந்துடுச்சேன்னு நெனச்சிருக்காங்க, அப்புறம் மூக்குல தடவிட்டு நின்னத பாத்து தலையில அடிச்சிக்கிட்டாங்க. வலது பக்கம் பின் ஓரத்துல மட்டும் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு, இடது பக்கம் பாதி முட்டை. தழும்பும் வலதுலதான் ஆழமா இருக்கு, இத்தன வருசமா இத கவனிக்கவே இல்ல. ஒரு கடையில இத அப்படியே போட்டோ எடுத்து காட்டுனேன், அவர் சிரிச்சிட்டு பத்து நிமிசத்துல கம்பிய வளைச்சி, 15 மில்லி பேடு மாட்டி, காது வளைவையும் முன்னாடி கொண்டாந்து குடுத்தாரு. சாயங்காலம் வரைக்கும் வலி இல்ல. முழுசா தீர்ந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன், எடை எடைதான், ஏழு மணிக்கு மேல இன்னும் தெரியுது. ஹெல்மெட் மாட்டுனப்புறம் கண்ணாடிய உள்ள சொருகறேன், அப்ப சைடு அமுங்கறது கொறையுது. கிருமாம்பாக்கம் வரைக்கும் பிரச்சன இல்லாம வந்துடறேன்.

தீபாவளி போனஸ் வந்ததும் 46 சைஸ் ஃப்ரேம். அந்த சிலிக்கான் பேடு மட்டும் செஞ்சி பாக்காம விட மாட்டேன், லாஸ்பேட்டை அண்ணே, அந்த தகடை உரிக்கறப்ப கிழியாம எப்படி எடுத்தீங்க? அப்புறம் லாரன்ஸ் ரோடு அண்ணே, எங்கப்பா கண்ணாடியில ஒரு பக்கம் பேடே இல்ல, பஞ்சு சுத்தி நூல் கட்டி வெச்சிருக்காரு, அத கழட்டிட்டு நானே ஒரு பேடு மாட்டிடலாமா?

லாரன்ஸ்ரோடு_கண்ணாடி_அண்ணன்:

கழட்டாத. பஞ்சு சுத்துற அளவுக்கு போயிருக்குன்னா உள்ள கம்பியே உடைஞ்சிருக்கும், பத்த வெக்கணும். நூலோட அப்படியே எடுத்துட்டு வா. அப்பாவையும் கூட்டிட்டு வா, மூக்கு இல்லாம அளவு எடுக்க முடியாது.