விதைத்த கீரைப் பையில் பூனை மலம் கழிக்கிறது: தடுப்பது எப்படி, அந்தக் கீரையைச் சாப்பிடலாமா?

கேள்வி: கீரைப்பாத்தி, சென்னை

மாடியில் 12 அங்குல விட்டமுள்ள குரோ பேக் (செடி வளர்க்கும் பை) 14 இருக்கிறது. பாதி கோகோபீட் (தேங்காய் நார்த் துகள்), மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். சிறுகீரை, கொத்தமல்லி விதைத்த மறுநாளே தெருப் பூனைகள் மண்ணைப் பறித்து, கழித்து, மூடிவிட்டுப் போகின்றன. வெண்டை, கத்தரிப் பைகளைத் தொடுவதில்லை. அந்துருண்டை வைக்கலாமா? பினாயில் தெளிக்கலாமா? மருமகள் 3 மாதக் கர்ப்பம் என்பதால் கவலையாக இருக்கிறது.

பதில்: மாடியில்வெண்டை

கத்தரிப் பையைத் தொடாததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பூனைக்கு வேண்டியது பொலபொலவென்று, மேலே காய்ந்த, செடி மறைக்காத மண். கோகோபீட் கலந்து கிளறி, புதிதாக விதைத்த பை அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே வாசனை வைத்துத் துரத்துவதைவிட, பறிக்க முடியாமல் செய்வதுதான் நிற்கும்.

அரை அங்குலக் கண்ணுள்ள ஜிஐ வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) வாங்குங்கள். ஒரு பைக்கு 20 அங்குலச் சதுரம். நான்கு மூலையிலும் 4 அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு பக்கத்தையும் கீழே மடித்தால் டப்பா மூடி மாதிரி வரும். பையின் விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் மட்டும் இறக்கி, எதிரெதிரே இரண்டு இடத்தில் பையைத் துளைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் பூனை ஏறி உட்கார்ந்ததும் சரிந்துவிடும். வெட்டிய கம்பி முனைகளைக் குறடால் மடக்குங்கள், இல்லையென்றால் கை கிழியும். பூவாளியில் மேலாகவே தண்ணீர் விடலாம். கீரை வலையை முட்டும்போது மூடியை எடுத்துவிடலாம். அடர்ந்து வளர்ந்த பையில் பூனை பறிக்காது. நைலான் வலை வேண்டாம். நடுவில் தொய்ந்து, பூனையின் நகம் சிக்கி, பையையே கவிழ்த்துவிடும்.

காலிப் பைகளையும் மறக்காதீர்கள். மேலே தென்னை மட்டைத் துண்டுகளை நெருக்கமாகப் பரப்புங்கள். ஆரஞ்சுத் தோல், காபித் தூள் எல்லாம் இரண்டு நாளைக்குத்தான். மிளகாய்த் தூள் தண்ணீர் விட்டதும் கரைந்துவிடும், அதுவரை பூனையின் கண்ணையும் பாதத்தையும் எரிக்கும். அது தேவையில்லாத கொடுமை.

பதில்: வாயில்லாஜீவன் (கால்நடை மருத்துவம்)

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலின் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஜி6பிடி என்ற ரத்த நொதி குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைக்கும் அதன் ஆவி ஆபத்து. பிரசவம் நடக்கப்போகிற வீட்டில் அது இருக்கவே கூடாது. கறுப்புப் பினாயிலும் அப்படித்தான். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கும், அதிலுள்ள பீனாலைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. விஷம் வைத்து விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமும்கூட.

நோய் விஷயத்தில் நாள் கணக்குதான் முக்கியம். பூனை மலத்தில் வந்து, கர்ப்பிணிக்குத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கக்கூடிய டோக்சோபிளாஸ்மா கிருமியை எல்லாப் பூனையும் எப்போதும் வெளியேற்றுவதில்லை. முதன்முறை தொற்றும்போது, பெரும்பாலும் குட்டிப் பருவத்தில், 1 முதல் 3 வாரம் வரை மலத்தில் வரும். வந்தவுடன் அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு முதிர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் 24 மணி நேரத்துக்குள் அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. அள்ளாமல் விட்டால் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பூனையின் நாடாப்புழு, உருளைப்புழு, கொக்கிப்புழு வகைகளில் கடைசி இரண்டும் மனிதருக்குத் தொல்லை. உருளைப்புழு முட்டை மண்ணில் சில வாரத்தில் முதிர்ந்து, மண் அள்ளித் தின்னும் குழந்தைகளைப் பாதிக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலில் துளைத்து, தோலுக்கடியில் நெளிந்து போகும் சிவந்த அரிப்புக் கோடாகத் தெரியும்.

அள்ளும்போது கையுறை போட்டு, மலத்தைச் சுற்றி 2 அங்குல மண்ணையும் சேர்த்து எடுத்து, இரண்டு பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். வீட்டு உரத்தொட்டியில் போடாதீர்கள். அந்தச் சூடு போதாது. கரண்டியைக் கொதிக்கும் நீரில் முக்குங்கள். பிளீச்சிங் பவுடருக்கு இந்தக் கிருமியின் ஓடு அசையாது. அதோடு பூனை மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் தூவினால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

மாடி மூலையில் மழை படாத இடத்தில் ஓர் அகலமான பழைய சட்டியில் 4 அங்குலத்துக்குச் சலித்த மணல் போட்டு, முதல் நாள் மட்டும் அவற்றின் மலத்தைக் கொஞ்சம் அதில் வையுங்கள். வாசனை பிடித்து அங்கே போகப் பழகும். தினமும் அள்ள வேண்டும். மருமகள் அதைச் செய்யக் கூடாது.

கேள்வி: கீரைப்பாத்தி

நன்றி. பைகளில் இப்போது இருக்கும் கீரையை என்ன செய்வது? உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா? கொத்தமல்லியை ஏற்கெனவே சட்னிக்கு அரைத்தாகிவிட்டது.

பதில்: வாயில்லாஜீவன்

உப்பு, மஞ்சள், வினிகர் எதுவும் இதைக் கொல்லாது. ஓடும் தண்ணீரில் தண்டோடு அலசினால் மண்ணும் கிருமியும் பெரிதும் குறையும், கொல்வது சூடுதான். கீரை மசியல், கூட்டு என்று நன்றாகக் கொதித்தால் பயமில்லை. ரசத்தை இறக்கியபின் தூவும் கொத்தமல்லியும் அரைத்த புதினாச் சட்னியும்தான் கண்ணுக்குப் படாமல் தப்பிவிடும். பிரசவம் வரை மருமகளுக்கு அந்தப் பைகளின் பச்சை இலை வேண்டாம். மலம் கிடந்த பைகளில் மேல்மண்ணை எடுத்துவிட்டு, அடுத்த ஓராண்டுக்கு வெண்டை, புடலை மாதிரி மண்ணில் படாமல் காய்ப்பதைப் போடுங்கள்.

சட்னியை நினைத்துப் பதற வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி டோக்சோ ஐஜிஜி, ஐஜிஎம் (இந்தக் கிருமிக்கு எதிராக உடலில் உருவாகும் இரண்டு வகை எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை எடுக்கட்டும். ஐஜிஜி மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழைய தொற்று, பாதுகாப்பு இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தி இல்லை, மேலே சொன்ன கவனம் தொடர வேண்டும். சாப்பிட்டுச் சில நாள்தான் ஆகிறது என்றால் 3 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். ஐஜிஎம் இருந்தாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள். அது பல மாதம் தங்கும். புதிய தொற்றா என்று அறிய அவிடிட்டி பரிசோதனை (ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்ப்பது) இருக்கிறது, அதைக் கேளுங்கள்.