புல்லுக்கு மருந்து அடிச்ச அப்பாவுக்குக் கால் மரத்துப்போச்சு

மலைமகள் (பொகவந்தலாவை):
அப்பாவுக்கு 54 வயசு. தோட்டத்துல பத்து வருசத்துக்கு மேல புல்லுக்கு மருந்து அடிக்கிறாரு. போன மாசம் டேங்கி வாசர் போய் ரெண்டு நாளா முதுகுல வழிஞ்சு, இடுப்பு வரைக்கும் சட்டை ஊறிப்போச்சு. அன்னைக்கு ராத்திரி வாந்தி. அது நின்னுருச்சு. மூணாம் நாள்ல இருந்து உள்ளங்கால் எரிச்சல், அப்புறம் மரமரப்பு. இப்ப செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியல, பத்தடி தாண்டி வெறுங்காலோட நிக்கிறாரு. சட்டை பட்டன் போட விரல் வரமாட்டேங்குது. டிஸ்பென்சரியில "வயசாச்சு, குளிரு"ன்னு பனடோல் குடுத்தாங்க. மருந்துதான் காரணமா? நரம்பு சரியாகுமா?

டிக்கோயா தம்பி:
அக்கா, முதல்ல ரத்தத்துல சீனி பாருங்க. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு.

ஓய்வுபெற்ற தாதி, ஹட்டன்:
மகள், தம்பி சொன்னது சரி. சீனி, விட்டமின் பி12, குடி மூணையும் பார்க்கணும். ஆனா மூணாம் நாள்ல வந்ததைக் குளிருன்னு தள்ளிவிட்டது எனக்கு மனசு ஆறல.

"புல்லு மருந்து"ன்னு மட்டும் சொன்னா டாக்டருக்கு விளங்காது. 2015ல கிளைபோசேட்டுங்கிற புல்லு மருந்தைத் தடை செஞ்சாங்க, 2018ல தேயிலைக்குத் திரும்ப விட்டாங்க. நடுவுல வேற மருந்துகள் வந்துச்சு. 2,4-டிங்கிற புல்லு மருந்து தோல்ல பட்டு கைகால் நரம்பு கெட்டுப்போன மூணு பேரைப் பத்தி 1959லயே அமெரிக்க டாக்டர்மார் எழுதியிருக்காங்க. எம்சிபிஏங்கிற புல்லு மருந்தும் அதே குடும்பம். அபூர்வம்தான், ஆனா இல்லாததில்ல. பூச்சி மருந்தும் அடிச்சாரான்னு கேளுங்க. ஒர்கனோபொஸ்பேட்டுங்கிற வகையில சிலது ரெண்டு மூணு கிழமை கழிச்சுத்தான் காலைப் பிடிக்கும்.

1977, 78ல நம்ம தோட்டங்கள்ல வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குக் குடுத்த நல்லெண்ணெய்ல ட்ரைகிரெசில் பொஸ்பேட் கலந்திருந்துச்சு. அதுவும் அந்த ஒர்கனோபொஸ்பேட் இனம்தான். பிள்ளைகளுக்குக் கைகால் விழுந்துபோச்சு. என்ன குடிச்சாங்கன்னு தேடிப் பார்த்ததாலதான் காரணம் தெரிஞ்சுச்சு. அதனால லேபளைப் போன்ல படம் எடுங்க, எத்தனை நாள் அடிச்சாருன்னு எழுதிக்குங்க. பெரியாஸ்பத்திரியில நரம்பு கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்க, கரண்ட் வச்சுப் பார்க்கிற டெஸ்ட் இருக்கு. மருந்து என்ன செய்யும்னு கொழும்பு தேசிய வைத்தியசாலை நஞ்சுத் தகவல் நிலையத்துல டாக்டரே கேட்டுக்குவாரு. மூச்சு வாங்கினா, தண்ணி முழுங்க முடியாட்டி, உடனே 1990 அம்புலன்சுக்கு போன் அடிங்க.

நரம்பு வளர்றது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பாதம் வரைக்கும் வர ஒரு வருசத்துக்கும் மேலாகலாம். சில பேருக்கு முழுசா வராது. அதுவரைக்கும் மருந்து அடிக்க விடாதீங்க. தினமும் உள்ளங்காலைத் தூக்கிப் பாருங்க, அடுப்பு சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

மலைமகள்:
மிஸ்ஸி, சாப்பிடாம பார்த்த சீனி 92, சரியாத்தான் இருக்கு. ஸ்டோர்ல போத்தல் காட்டமாட்டேன்னுட்டாங்க. ஆனா அப்பா வீட்டுக்குக் கொண்டாந்து வெட்டி வச்ச கேன்ல பாதி லேபள் ஒட்டியிருக்கு: எம்சிபிஏ. அந்தக் கேன்லதான் அம்மா இத்தனை நாளா மாட்டுக்குத் தண்ணி வச்சிருக்காங்க.

ஓய்வுபெற்ற தாதி, ஹட்டன்:
இப்பவே எடுங்க அதை. கழுவாதீங்க, வீசாதீங்க. சிலிசிலிப் பையில கட்டி, அப்பாவோட கிளினிக்குக்குக் கொண்டு போங்க. மாட்டுக்கு வேற வாளி வைங்க.